திருச்சி ஜங்ஷனில் இறங்கி ஆகாயத்துக்கு எப்படிப் போவது?

போன செவ்வாய்க்கிழமை காலையில் லால்குடியில் ரயிலேறினேன். ஸ்ரீரங்கத்துக்கு. நடுவில் இரண்டே இரண்டு ஸ்டேஷன். வெற்றிலை போட்டுக்கொண்டால் மென்று முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம். நான் வீடு வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது.

"லால்குடியிலேர்ந்து வர இவ்வளவு நேரமா?" என்றாள் மனைவி.

"ஏரோட்ரோம் வழியா வந்தேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இலை போட உள்ளே போனாள். கல்யாண வீட்டுச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவளுடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

ஆனால் நான் சொன்னது சத்தியம். நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

லால்குடியில் ஓர் உறவுக்காரக் கல்யாணம். முகூர்த்தம் முந்தின நாளே முடிந்துவிட்டது. காலை பாசஞ்சரில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். வண்டி கிளம்புகிற நேரத்துக்கு ஒரு தகரப் பெட்டி முதலில் உள்ளே வந்தது. பின்னால் ஒரு பெண். அவளுக்கும் பின்னால், பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தகப்பனார்.

தகப்பனாருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இரண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. உழவு வேலை செய்து காய்த்துப்போன கைகள். பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்கும். புதுப் புடவை கட்டியிருந்தாள். ஆனால் முகத்தில் புதுப் புடவைக்குரிய களை இல்லை. மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, ஏரோட்ரோமுக்குப் போகணும்னா எந்த ஸ்டேஷன்ல எறங்கணுங்க?"

நான் இருபது வருஷமாக ஸ்ரீரங்கத்துவாசி. ரயில், பஸ், ஜட்கா என்று எல்லாவற்றைப் பற்றியும் இந்தப் பத்தியில் எழுதித் தள்ளியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன். நான் யோசித்த நேரத்தில் கம்பார்ட்மெண்ட் முழுவதும் பதில் சொல்லிவிட்டது.

"டவுன் ஸ்டேஷன்ல எறங்குங்க. அங்கேருந்து பஸ் இருக்கு."

"டவுன்ல என்னத்துக்கு? பொன்மலையில எறங்கிடுங்க. குறுக்கால போனா கிட்டக்க."

"குறுக்கால போனா ஒர்க்ஷாப் சுவருதான் இருக்கு. ஜங்ஷனுக்கே போயிடுங்க."

இவ்வளவும் சொன்னவர்களில் ஒருவர்கூட ஏரோட்ரோமுக்குப் போனதில்லை என்பது பிறகு தெரிந்தது. போகாத ஊருக்கு வழி சொல்வதில் நம்மவர்களுக்கு உள்ள உற்சாகம் இருக்கிறதே...

பெரியவர் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார். பெண் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சுக் கொடுத்தேன். பெரியவர் பெயர் வைத்திலிங்கம். லால்குடிக்குப் பக்கத்தில் கிராமம். கொஞ்சம் நஞ்சை. ஒரே பெண் தனபாக்கியம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை ஒரு தடவை வந்து போயிருக்கிறார். இவள் இன்னும் அங்கே போனதில்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் இப்போதுதான் கைக்கு வந்தன. அடுத்த மாதம் நல்ல நாள் பார்த்து, ரயிலிலும் கப்பலிலுமாகக் கூட்டிக்கொண்டு போய் விடுவதாக ஏற்பாடு.

"அதுக்குள்ள முந்தாநாள் தந்தி வந்துடுச்சுங்க" என்றார். "மாப்பிள்ளைக்கு வயித்துல புண்ணாம். பெரிய ஆஸ்பத்திரியில சேத்துருக்காங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"அப்படியா?"

"கப்பல்ல போனா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதுன்னு அந்தக் கடை முதலாளிதான் ப்ளேன் டிக்கெட்டு எடுக்கச் சொல்லி, திருச்சியில தெரிஞ்சவங்க மூலமா அனுப்பி வச்சாரு. நல்ல மனுஷன். இன்னிக்கு ஒம்பதரைக்கு ப்ளேன். இதை விட்டா வெள்ளிக்கிழமைதானாம்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருக்காருங்க... இது வந்து மூஞ்சியக் காட்டினாத்தான் கத்தி வைக்க விடுவேன்னு."

அந்தப் பெண் அப்போதும் திரும்பவில்லை. துணிப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான்.

எனக்கு எதிரே ஒரு ஸ்ரீரங்கத்துப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பளிச்சென்று திருமண். கையில் மடித்த இங்கிலீஷ் பேப்பர். பம்பாயில் மகனோடு பல வருஷம் இருந்துவிட்டுச் சமீபத்தில் ஊர் திரும்பியவர். இதையெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"பம்பாய்ல பாருங்கோ" என்று ஆரம்பித்தார். "சாந்தாகுரூஸ்னு ஸ்டேஷன். எலெக்ட்ரிக் ட்ரெய்ன்லேர்ந்து இறங்கினா வாசல்ல பஸ் நிக்கும். ஏறி உக்காந்தா ஏரோட்ரோம். அவ்வளவுதான்! கல்கத்தாவுல டம்டம்னு ஸ்டேஷனே இருக்கு. அதை விடுங்கோ, நம்ம மெட்ராஸ்! மீனம்பாக்கத்துல இறங்கி ரோட்டைத் தாண்டினா ப்ளேன் நிக்கறது. பகவத் சங்கல்பம், அந்த ஊர்க்காராளுக்கு அப்படி அமைஞ்சிருக்கு."

மீனம்பாக்கம் விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. போன மாதம் என் அக்கா மகனை டில்லிக்கு ஏற்றிவிட நான் அப்படித்தான் போனேன். மின்சார ரயிலிலிருந்து இறங்கினேன். ரோட்டைத் தாண்டினேன். முடிந்தது. பிளாட்பாரத்தில் வாங்கிய வேர்க்கடலை கையில் சூடாகவே இருந்தது.

அப்போதுதான் தனபாக்கியம் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"திருச்சியில எப்படிங்க?"

பம்பாய்ப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். வண்டி கொள்ளிடம் பாலத்தில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்ரீரங்கம் வந்துடுத்து" என்றார். பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் மூன்றும் ஸ்ரீரங்கத்தில் இறங்கிப் போய்விட்டன. தகரப் பெட்டி மட்டும் எங்களோடு இருந்தது.

நானும் இறங்கவேண்டிய இடம் அதுதான். எழுந்து பையைக்கூட எடுத்துவிட்டேன். வண்டி ஏற்கெனவே ஏகப்பட்ட தாமதம். வாளாடியில் எதிர் வண்டிக்காக நிறுத்திப்போட்டது போட்டதுதான். இனி ஜங்ஷனில் இவர்கள் இறங்கி, வழி கேட்டு, வண்டி பிடித்து... வைத்திலிங்கம் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "போயிட்டு வாங்கய்யா" என்றார். ஒரு உதவியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாகச் சமாதானம் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

உட்கார்ந்துவிட்டேன்.

காவேரி பாலம், டவுன் ஸ்டேஷன், பொன்மலை... ஒவ்வொன்றிலும் வண்டி நின்று நிதானித்துப் போயிற்று. ஜங்ஷனில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசலில் டிக்கெட் கலெக்டர் என்னை நிறுத்தினார்.

"ஸ்ரீரங்கம் டிக்கெட்டு இது. ஸ்ரீரங்கம் முன்னாடியே வந்துடுச்சே சார். தூங்கிட்டீங்களா?"

"இல்லை. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பார்த்துக்கிட்டே இருந்துட்டு இறங்கலையா?"

"இல்லை."

அவர் இந்த ரகத்தை இதுவரை சந்தித்ததில்லை போலிருக்கிறது. அபராதத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுதும்போதுகூட இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்தோம். ஏரோட்ரோமுக்குப் பஸ்?

"இப்பத்தான் போச்சு" என்றார் டீக்கடைக்காரர். நம் ஊரில் எந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டாலும் அது இப்போதுதான் போயிருக்கும். சரி, டாக்ஸி? இருப்பது கொஞ்சம். முந்தின நாள் முகூர்த்தம் என்பதால் எல்லாம் கல்யாணக் கூட்டத்தை ஊருக்குக் கொண்டுவிடப் போய்விட்டன.

விமானக் கம்பெனியின் வேன் ஒன்று உண்டு. ஆனால் அது அவர்களுடைய ஆபீஸ் வாசலிலிருந்து புறப்பட்டு நேரே ஏரோட்ரோமுக்குப் போகும். ரயில்வே ஸ்டேஷனுக்கு வராது. ஏன் வராது? ஆகாயத்தில் போகிறவன் ரயிலில் வரமாட்டான் என்று யாரோ ஒரு மேதாவி நாற்காலியில் சாய்ந்துகொண்டு முடிவு செய்திருக்கிறான்! லால்குடி பாசஞ்சரில் வந்து கொழும்புக்குப் பறக்கிற ஒரு பெண் அவன் கற்பனையில் வரவே இல்லை.

மிச்சம் இருந்தது ஜட்காதான். வரிசையில் முதலில் நின்ற வண்டிக்காரர் காசிம் பாய். வெள்ளைத் தாடி, தலையில் குல்லா. ஏரோட்ரோம் என்று சொன்னதும் கையை விரித்தார்.

"நமக்கு ஆகாதுங்க. சுல்தானுக்கு அந்தச் சத்தம் ஒத்துக்காது."

சுல்தான் என்பது குதிரை. எங்களை ஓரக்கண்ணால் பார்த்தது.

"ஒரு தடவ தலைக்கு மேல ப்ளேன் போச்சுங்க. ரெண்டு சவாரியோட நேரா பொன்மலைக்கு இழுத்துக்கிட்டு ஓடிட்டான். ரெண்டு பேரும் பாலக்கரைக்குப் போகவேண்டியவங்க."

பெரியவர் வைத்திலிங்கம் கெஞ்சவில்லை. விஷயத்தைச் சொன்னார். அவ்வளவுதான். மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி, நாளைக் காலை.

காசிம் பாய் பெட்டியை வாங்கி வண்டிக்குள் வைத்தார். "ஏறும்மா" என்றார். "ஏரோட்ரோம் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடுவேன். அதுக்கு மேல அல்லா விட்ட வழி."

ஜட்காவில் போனவர்களுக்குத் தெரியும். அது வாகனம் அல்ல, தராசு. "நீங்க முன்னால தள்ளுங்க... பெரியவரு பின்னால... பெட்டிய நடுவுல" என்று எங்களை எடைபோட்டு அடுக்கிவிட்டுத்தான் காசிம் பாய் லகானைப் பிடித்தார். சுல்தான் நன்றாகவே ஓடிற்று. வெயில் ஏறிவிட்டது. பெரியவர் முகத்தில் முதன்முதலாகக் கொஞ்சம் தெளிவு வந்தது.

அந்தத் தெளிவோடு போய் ரயில்வே கேட்டில் நின்றோம்.

கேட் சாத்தியிருந்தது. எங்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகள், ஒரு லாரி, சைக்கிள்கள். தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி. அது முன்னால் போயிற்று. 'ஆஹா' என்று எல்லோரும் தயாரானோம். நின்றது. யோசித்தது. பின்னால் வந்தது. மறுபடி முன்னால்.

"ஷண்டிங் நடக்குது" என்றார் கேட்மேன். கேட்டில் நிற்பவர்களுடைய அவசரம் எதுவும் அவரைத் தொடுவதில்லை. தொட்டால் அந்த வேலையில் இருக்க முடியாது.

சும்மா நிற்கும்போது மூளை வேலை செய்யும். எனக்குத் தனுஷ்கோடி ஞாபகம் வந்தது. எழும்பூரில் ஒரே ஒரு டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரைக்கும் போகலாம். தனுஷ்கோடியில் ரயில் கப்பலுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறது. ரயில் வராமல் கப்பல் கிளம்பாது. அக்கரையில் இன்னொரு ரயில் காத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. கடலையே தாண்டிக் கைகோத்துவிட்ட ரயிலுக்கு, இங்கே ஜங்ஷனிலிருந்து மூன்று நான்கு மைல் தள்ளி இருக்கிற ஏரோட்ரோமோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை! பங்காளிச் சண்டை மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ருஷ்யாக்காரன் ராக்கெட்டில் நாயை ஏற்றி அனுப்பிவிட்டான் என்று பத்தி பத்தியாகப் படித்தோம். அந்த நாயை ராக்கெட் வரைக்கும் எந்த வண்டியில் கொண்டுபோனார்கள்? வழியில் கேட் சாத்தியிருந்ததா? அதைப் பற்றி எந்தப் பேப்பரிலும் ஒரு வரி கிடையாது.

இப்படி நான் உலக விஷயங்களை அலசிக்கொண்டிருந்தபோது, தனபாக்கியம் வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். பெட்டியின் பிடியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா?" என்றார் பெரியவர்.

"நான் நடந்தே போயிடறேன்ப்பா. கேட்டுக்குப் பக்கத்துல ஆளுங்க போற வழி இருக்கு. எல்லாரும் குனிஞ்சு போறாங்க பாருங்க."

"இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு தெரியுமா? இந்த வெயில்ல... இந்தப் பெட்டியோட..."

"பெட்டி வேண்டாம்ப்பா. அதுல என்ன இருக்கு? துணிதானே? நான் போனா போதும்."

அதுவரைக்கும் அழாமல் இருந்தவள். இப்போதும் அழவில்லை. குரல் மட்டும் உடைந்துவிட்டது. "அவரு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாருப்பா" என்றாள்.

பெரியவர் தண்டவாளத்தைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

எங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கார் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் திசையில் போகிற கார் எங்கே போகும்? ஏரோட்ரோமாகத்தான் இருக்கவேண்டும். ஓடினேன். பின் ஸீட்டில் வெள்ளை யூனிபாரத்தில் ஒரு மனிதர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புடவை கட்டிய ஓர் இளம்பெண். முன்னால் இன்னொரு யூனிபாரம்.

"சார், ஏரோட்ரோமுக்குத்தானே? ஒரு பெண் கொழும்பு ப்ளேனைப் பிடிக்கணும். கேட் திறந்ததும் உங்க கார்ல ஏற்றிக்கொண்டு போனால் புண்ணியமாப் போகும். ஒன்பதரைக்கு ப்ளேன். ஜட்காவில் போனால் கண்டிப்பா விட்டுடுவா..."

அந்த மனிதர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தார்.

"அது எழும்பாது ஐயா" என்றார். "நான் இல்லாமல் அது எப்பிடி எழும்பும்?"

எனக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று.

"நான்தான் அதை ஓட்டுறனான்" என்றார். அச்சு அசல் யாழ்ப்பாணத்துத் தமிழ். "நேற்றுப் பின்னேரம் வந்து டவுனுக்குள்ளை தங்கினனாங்கள். கொம்பனி வான் வண்டி பயணிகளோடை முதலே போயிட்டுது. எங்களுக்கு வந்த கார் பிந்திட்டுது. இப்ப இந்தக் கேட்."

நான் வாய் பிளந்து நின்றேன். மேகத்துக்கு மேலே போகிற மனுஷன். கடலை ஒரே தாவாகத் தாவுகிற மனுஷன். வைக்கோல் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்!

"கொழும்பிலை எண்டால் ரத்மலானையிலை ரயிலாலை இறங்கினால் ஏயர்போட் கிட்டத்தான்" என்றார் பைலட். "மீனம்பாக்கமும் அப்பிடித்தான். இஞ்சைதான் எனக்கு ஒவ்வொரு முறையும் பயம். மேலை போனாப் பயமில்லை."

அவரைத் தனபாக்கியத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். இல்லை, அவரே காரிலிருந்து இறங்கி வந்தார். வெயிலில் தகரப் பெட்டிமேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தவள், யூனிபாரத்தைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்தாளோ என்னவோ, பயந்து தகப்பனாருக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றார் அவர். "அந்த ப்ளேன் உங்களையும் என்னையும் விட்டிட்டுப் போகாது. காரிலை ஏறுங்கோ."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"இவர்தாம்மா ப்ளேன் ஓட்டறவர்" என்றேன்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கூட்ஸ் வண்டியைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க... பைலட் சங்கடமாகத் தொப்பியைக் கையில் சுழற்றினார். காசிம் பாய் சுல்தானுடைய கழுத்துப் பட்டையைச் சரிசெய்வதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. விமானப் பணிப்பெண் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டு இடம் கொடுத்தாள். பெட்டியைப் பின்னால் ஏற்றினோம். பெரியவருக்கு இடமில்லை.

அதை அவர் அப்போதுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். ஏரோட்ரோம் வரைக்கும் போய், விமானத்தைப் பார்த்து, படியேறுகிற பெண்ணை வழியனுப்பவேண்டும் என்று மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் கிளம்பி வந்தவர். வழியனுப்புதல் ரயில்வே கேட்டில், வைக்கோல் வண்டிகளுக்கு நடுவில் நடந்தது.

"போனதும் தந்தி குடும்மா."

"சரிப்பா."

"மாப்பிள்ளைகிட்ட... நான் கேட்டேன்னு சொல்லு."

"சரிப்பா. நீங்க வெயில்ல நடந்து வீட்டுக்குப் போகாதீங்க. பஸ்ல போங்க."

அவ்வளவுதான் பேச்சு. கடல் தாண்டிப் போகிற பெண், லால்குடிக்குத் திரும்புகிற அப்பாவைப் பஸ்ஸில் போகச் சொன்னாள். அவளுக்கு அந்தப் பயணம்தான் கவலையாக இருந்தது.

கேட் திறந்தது. வைக்கோல் வண்டிகள் அசைந்தன. பைலட் தலையை வெளியே நீட்டி, வண்டிக்காரர்களைப் பார்த்து, "அண்ணை, கொஞ்சம் வழி விடுங்கோ!" என்று குரல் கொடுத்தார். ஆகாய மார்க்கத்தில் அவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கார் ஹாரன் அடித்துக்கொண்டே தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் ஜட்காவில் பின்தொடர்ந்தோம். இனிமேல் அவசரம் இல்லை. ஆனாலும் காசிம் பாய் விரட்டினார். யாரும் அவரை விரட்டச் சொல்லவில்லை.

ஏரோட்ரோம் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சொன்னபடியே நிறுத்தினார். "இதுக்கு மேல சுல்தான் வரமாட்டான்." அப்போதே இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. சுல்தான் காதை விடைத்து, பின்வாங்கியது. காசிம் பாய் கீழே குதித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குதிரையின் கண்ணை மூடி, அதன் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லடா... ஒண்ணுமில்லடா ராஜா... அந்தப் புள்ள ஊருக்குப் போகுது, அவ்வளவுதான்..." என்று காதோரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். குதிரை நடுங்கிற்று. ஆனால் ஓடவில்லை.

விமானம் மேலே கிளம்பி எங்கள் தலைக்கு மேலாக வந்தது. பெரியவர் ஜட்காவின் படியில் ஏறி நின்றார்.

"எந்தப் பக்கம் உக்காந்திருப்பா?"

"தெரியலீங்களே" என்றேன்.

இருக்கட்டும் என்று இரண்டு கைகளையும் உயர்த்தி இரண்டு பக்கத்துக்கும் ஆட்டினார். அது சின்னதாகி, மேகத்தில் கரைந்து, சத்தமும் அடங்கிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கச் சொல்லவில்லை.

ஜங்ஷனுக்குத் திரும்பினோம். காசிம் பாய் ஒரு வழிக்குத்தான் வாடகை வாங்கினார். திரும்பி வந்தது சுல்தானின் இஷ்டமாம். பெரியவரைப் பெண் சொன்னபடியே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். நானும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, பஸ் மாறி, ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். அதற்குள் அந்தப் பெண் கொழும்பு ஆஸ்பத்திரியில் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் கடலைத் தாண்டினாள். நான் காவேரியைத் தாண்டினேன். யார் முதலில் போய்ச் சேர்ந்திருப்போம் என்று பந்தயம் கட்டினால் நான் தோற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் குரல் கேட்டது. "ஐயா இருக்காங்களா?" வைத்திலிங்கம்! தோளில் ஒரு வாழைத்தார். வீட்டு அடையாளம் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

"தந்தி வந்துடுச்சுங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மாப்பிள்ளை கண்ணு முழிச்சுப் பேசிட்டாராம்."

முகமெல்லாம் சிரிப்பு. என் மனைவி காபி கொண்டுவந்தாள். நான் ஏரோட்ரோம் வழியாக வந்ததற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அவள் வாழைத்தாரை மரியாதையாக எடுத்து உள்ளே வைத்தாள்.

"நானும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேங்க" என்றார் பெரியவர். "பாஸ்போர்ட்டு பொண்ணுக்கு எடுக்கும்போதே எனக்கும் எடுத்தாச்சு. விசா வந்துட்டா கிளம்ப வேண்டியதுதான்."

"கப்பலிலா?"

"இல்லீங்க, ப்ளேன்லயே. அவ என்ன பாத்துக்கிட்டுப் போனாளோ, அதை நானும் ஒரு தடவ பாத்துடணும்."

"பேஷ்! ஏரோட்ரோமுக்கு எப்படிப் போவீங்க?"

அவர் காபியைக் கீழே வைத்தார். எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்று முகமே சொல்லிற்று.

"முந்தின நாளே போய்ப் பக்கத்துல ஒரு சத்திரமோ சாவடியோ பாத்துப் படுத்துக்குவேங்க. வீட்டுல கட்டுச்சோறு கட்டச் சொல்லியிருக்கேன். புளிச்சோறு ரெண்டு பொட்டலம் கூடுதலா."

"கூடுதலா எதுக்கு?"

"அந்த ப்ளேன் தம்பிக்குத்தாங்க. அவரும் பாவம், நம்மள மாதிரி எங்கேயாச்சும் மாட்டிக்கிட்டுப் பசியோட வருவாரு."

ஒரு மணி நேரம் பறப்பதற்கு ஒரு நாள் முன்னால் கட்டுச்சோற்றோடு கிளம்பவேண்டும். நம் ஊரில் இதற்குத்தான் வேகம் என்று பெயர்!